முட்டு தெரியாத தொய்வு: உணர்வை நம்பாமல் அளவைப் பார்த்து நடக்கும் முறை

தொய்வு (ஆஸ்துமா) உள்ள ஒருவரிடம் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்லை, முட்டு இல்லை" என்பார். முட்டு என்பது மூச்சுத் திணறல். கிளினிக்கில் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்தப் பதிலை வைத்துத்தான். இரவு பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா, விடியும்வரை பொறுப்பதா என்று வீட்டில் முடிவெடுப்பதும் இதை வைத்துத்தான். பெரும்பாலானோருக்கு இந்தப் பதில் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு பகுதியினருக்கு மூச்சுக்குழாய்கள் பாதிக்கு மேல் சுருங்கிவிட்ட பிறகும் முட்டு தெரிவதில்லை. 1976இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 82 தொய்வு நோயாளரைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய 15 வீதமானோருக்கு, ஊதும் திறன் இருக்க வேண்டியதில் பாதிக்குக் கீழே போன பின்னரும், வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

இவர்கள் பொய் சொல்வதில்லை, அலட்சியக்காரரும் இல்லை. உடம்பு அனுப்ப வேண்டிய எச்சரிக்கை அவர்களுக்குப் பிந்தித்தான் வருகிறது. அதனால் மருந்தை மூச்சில் இழுக்கும் பம்பை (இன்ஹேலரை) எடுப்பதும் பிந்துகிறது, வைத்தியசாலைக்குக் கிளம்புவதும் பிந்துகிறது. இஸ்ரேலில் 113 நோயாளரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்த உணர்வு குறைவாக இருந்தது. அவசர சிகிச்சை, வோட்டில் அனுமதி, உயிர்போகும் நிலைவரை சென்ற தாக்குதல், மரணம் எல்லாமே அந்தக் குழுவில்தான் அதிகம்.

ஏன் தெரியாமல் போகிறது

மூச்சு முட்டுவதை மூளைக்குச் சொல்ல உடம்பில் பல வழிகள் உண்டு. கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும் சிறு உணரிகள் இரத்தத்தில் ஒட்சிசன் குறைவதைக் கண்டுபிடிக்கின்றன. விலாத் தசைகள் தாம் படும் பாட்டைத் தெரிவிக்கின்றன. மூச்சுக்குழாய்ச் சுவரிலும் உணர் நரம்புகள் இருக்கின்றன. ஜப்பானில் 1994இல் வெளியான ஆய்வொன்று, உயிர்போகும் அளவுக்குத் தாக்குதல் வந்து தப்பியவர்களைச் சோதித்தது. ஒட்சிசன் குறையும்போது மற்றவர்களின் மூச்சு வேகமெடுக்கும் அளவுக்கு இவர்களுடைய மூச்சு வேகமெடுக்கவில்லை. சுவாசத்துக்குத் தடை வைத்தபோது முட்டையும் குறைவாகவே உணர்ந்தார்கள்.

பிறவியிலேயே சிலருக்கு உணர்வு மந்தமாக இருக்கலாம். வேறு சிலருக்கு அது பிறகு மங்குகிறது. அதற்கு முக்கியக் காரணம் பழக்கம். ஒரே நாளில் ஊதும் திறன் முப்பது வீதம் விழுந்தால் யாருக்கும் தெரியும். அதே முப்பது வீதம் மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் மூளை அதையே சாதாரண நிலையாக ஏற்றுக்கொள்கிறது. வயது கூடக் கூடவும் உணர்வு குறைகிறது. மூச்சுக்குழாயில் அழற்சி நீடித்தாலும் குறைகிறது. தடுப்பு மருந்தான ஸ்டீரொய்ட் பம்பை ஒழுங்காக எடுக்கும்போது சிலருக்கு உணர்வு ஓரளவு திரும்புவதற்கு இந்த அழற்சி தணிவது காரணமாக இருக்கலாம். முட்டே தெரியாதவர் அந்தப் பம்பை விடக்கூடாது என்பதற்கு இது இன்னொரு வலுவான காரணம்.

யார் தங்களைச் சந்தேகிக்க வேண்டும்

ஒருமுறையாவது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர், செயற்கைச் சுவாசம் கொடுக்கப்பட்டவர் கட்டாயம் சந்தேகிக்க வேண்டும். மாலையில் சும்மா இருந்து நள்ளிரவில் அம்புலன்சில் போனவரும் அப்படித்தான். தடிமனுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு "இவ்வளவு இழுக்குதே, தெரியேல்லையா?" என்று கேட்டிருந்தால் அதையும் மறக்காதீர்கள். நீங்கள் அறியும் முன்பே மனைவியோ மகளோ "மூச்சு வித்தியாசமா இருக்கு" என்று சொல்லும் வீடாக இருந்தாலும் கவனம் தேவை.

மெல்ல மங்கியவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. அவர்கள் முட்டு வராதபடி தங்கள் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். கொழும்பு வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடிக்கும் லிப்ட்டுக்காகக் காத்திருப்பார்கள். காலி வீதியைக் கடக்க மேம்பாலம் ஏறாமல் தூரத்து மஞ்சள் கடவைவரை நடப்பார்கள். கோயிலைச் சுற்றும்போது ஒரு சுற்றோடு உட்கார்ந்துவிடுவார்கள். கேட்டால் "வயசு" அல்லது "வெயில்" என்பார்கள். போன வருடம் செய்து இந்த வருடம் விட்டுவிட்ட வேலைகள் எவை என்று எழுதிப் பாருங்கள். "முட்டு இருக்கா?" என்ற கேள்வியைவிட இது உண்மையைச் சொல்லும்.

வீட்டிலேயே செய்யும் ஊகச் சோதனை

தேவையானவை ஒரு பீக் ஃப்ளோ மீற்றர், ஒரு கொப்பி, ஒரு பேனை. மீற்றர் என்பது ஒரு குழாய். வேகமாக ஊதினால் ஊசி நகர்ந்து, நிமிடத்துக்கு எத்தனை லீட்டர் வேகத்தில் காற்று வெளியேறியது என்று காட்டும். மின்சாரமோ பற்றரியோ வேண்டாம். பெரியவருக்கான மீற்றரின் அளவுகோல் ஏறக்குறைய 800 வரை போகும். சிறுவருக்கும் நன்றாகத் தளர்ந்த முதியோருக்கும் 400 வரையுள்ள சிறிய வகை வசதி. வாங்கியபின் அதே மீற்றரையே பாவியுங்கள். ஒன்றின் அளவை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. பழைய அளவுகோலும் புதிய ஐரோப்பிய அளவுகோலும் வேறு என்பதால், வேறு மீற்றரில் வந்த வித்தியாசத்தை நோயின் வித்தியாசம் என்று நினைத்துவிடுவீர்கள்.

காலையும் இரவும், பம்ப் எடுப்பதற்கு முன்பு, இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் மீற்றரைத் தொடாமலே, இப்போது முட்டு எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஒரு எண் எழுதுங்கள். 0 என்றால் ஒன்றுமில்லை, 3 நடுத்தரம், 5 கடுமை, 10 தாங்கவே முடியாதது. அடுத்து, இப்போது ஊதினால் ஊசி எங்கே நிற்கும் என்று ஊகித்து அதையும் எழுதுங்கள். அதன் பிறகுதான் ஊத வேண்டும். ஊதிவிட்டு ஊகத்தை எழுதினால் சோதனை வீண், ஏனென்றால் மனம் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

ஊதும்போது ஊசியைக் கீழே தள்ளி, எழுந்து நின்று, மீற்றரை மட்டமாகப் பிடியுங்கள். விரல் ஊசி ஓடும் பள்ளத்தை மறைக்கக் கூடாது, மறைத்தால் ஊசி பாதியில் நின்றுவிடும். நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, உடனே உதடுகளால் வாய்ப்பகுதியை இறுக மூடி, ஒரே வீச்சில் வேகமாக ஊதுங்கள். நீளமாக ஊதத் தேவையில்லை, முதல் நொடிக்குள் வரும் வேகம்தான் கணக்கு. இப்படி மூன்று முறை ஊதி, மூன்றில் கூடியதை எழுதுங்கள். சராசரி எடுக்க வேண்டாம். கூடிய இரண்டுக்கும் இடையில் 40க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு ஊதல் சரியில்லை, இன்னொரு முறை ஊதுங்கள். துப்புவதுபோல நாக்கால் தள்ளினாலோ கன்னத்தை உப்பிவைத்து விட்டாலோ ஊசி பொய்யாக மேலே போகும். தலையைக் குனிந்து ஊதினாலும், மூச்சை அரைகுறையாக இழுத்தாலும், உதட்டோரம் காற்றுக் கசிந்தாலும் பொய்யாகக் குறையும்.

இரண்டு கிழமை போனதும் கொப்பியைப் பாருங்கள். உங்கள் சிறந்த அளவு, அதாவது நோய் அடங்கியிருக்கும்போது நீங்கள் ஊதும் மிகக் கூடிய எண், 400 என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை ஊகம் 390, ஊதியது 380. இதில் பிரச்சினை இல்லை. வியாழன் தடிமன் பிடித்திருக்கிறது, முட்டு எண் 1, ஊகம் 370, ஊதியது 270. உண்மையில் 80 வீதத்துக்குக் கீழே விழுந்திருக்கும்போது நீங்கள் 80 வீதத்துக்கு மேலே இருப்பதாக நினைத்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டிய வரி இதுதான். இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் இருந்தால், உங்கள் உணர்வை வைத்து இனி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

இந்தச் சோதனையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நோய் அமைதியாக இருக்கும் நாட்களில் நேற்றைய எண்ணையே ஊகமாக எழுதினாலும் சரியாக வரும். எல்லா வரியும் பொருந்துகிறது, எனக்கு உணர்வு நல்லது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அளவு விழுந்த நாட்கள்தான் சாட்சி. இரண்டு கிழமையில் அளவு ஒருமுறையும் விழவில்லை என்றால் சோதனை இன்னும் முடியவில்லை. அடுத்த தடிமனின்போதும், தீபாவளி வெடிப்புகைக்குப் பிறகும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை கொழும்பின் காற்று அசுத்தமாகும் நாட்களிலும் மறுபடி செய்யுங்கள். அளவு விழுந்த ஒரு நாளில் சல்பூட்டமோல் பம்ப் (சுருங்கிய மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் மருந்து) எடுக்குமுன் ஒருமுறையும், எடுத்து 15 நிமிடம் கழித்து ஒருமுறையும் ஊதிப் பாருங்கள். அளவு 20 வீதம் ஏறியும் மூச்சு முன்பு எப்படியோ பின்பும் அப்படியே இருந்ததாகத் தோன்றினால், அதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

உங்கள் எண்ணும் அதன் எல்லைகளும்

எல்லைகள் எல்லாம் "சிறந்த அளவு" என்ற ஒன்றிலிருந்து வருகின்றன. மருந்தை ஒழுங்காக எடுத்து நோய் அடங்கியிருக்கும் காலத்தில், இரண்டு மூன்று கிழமை காலையும் இரவும் ஊதி, அவற்றில் மிகக் கூடிய எண்ணை எடுங்கள். நோய் அடங்காத நேரத்தில் எடுத்த எண்ணைச் சிறந்தது என்று குறித்தால் பின்னால் வரும் எல்லா எல்லையும் தாழ்ந்துபோகும். 400 ஊத வேண்டியவர் 300ஐச் சிறந்தது என்று எழுதினால், 240இல் நிற்கும்போதும் "80 வீதம், நல்ல நிலை" என்று கணக்கு வரும். உண்மையில் அவர் 60 வீதத்தில் இருக்கிறார். உணர்வு மங்கியவர்களுக்கு இந்தப் பிழை எளிதாக நேர்கிறது, ஏனென்றால் அவர்களுக்கு அடங்காத காலமும் நல்ல காலமாகவே தெரியும். டொக்டரிடம் கேட்டு, ஸ்டீரொய்ட் சிகிச்சை சரியாக நடந்த பிறகு சிறந்த அளவைக் குறிப்பதே பாதுகாப்பு.

400 உங்கள் சிறந்த அளவென்றால் 320, 240, 200 என்ற மூன்று எண்களையும் நிறப் பேனையால் மீற்றரிலேயே குறித்துவிடுங்கள். 320க்கு மேல் வழமையான மருந்து போதும். 320க்கும் 240க்கும் இடையில், முட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், டொக்டர் எழுதித் தந்த திட்டப்படி மருந்தைக் கூட்டி, நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊதிப் பாருங்கள். 240க்குக் கீழே போனால், அல்லது இரண்டு நாளாகியும் அளவு ஏறாவிட்டால், அன்றே டொக்டரைப் பார்க்க வேண்டும். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை தொடங்க வேண்டிய கட்டம் பெரும்பாலும் இதுதான். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதை நோய் இல்லாத நேரத்திலேயே டொக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள். 200க்குக் கீழே என்றால் சல்பூட்டமோல் பம்பைத் தொடங்கிவிட்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இலங்கையின் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை அது, கட்டணம் இல்லை.

காலைக்கும் இரவுக்கும் இடையிலுள்ள ஏற்ற இறக்கத்தையும் கவனியுங்கள். இரவு 380, காலை 300 என்றால் வித்தியாசம் 80, சராசரி 340, ஆக ஏறக்குறைய 24 வீதம். பெரியவருக்கு இரண்டு கிழமைச் சராசரி 10 வீதத்தையும் பிள்ளைக்கு 13 வீதத்தையும் தாண்டினால் நோய் அடங்கவில்லை. மூச்சுக்குழாய் அதிகம் சுருங்குவது விடியப்புறத்தில், நீங்கள் நித்திரையில் எதையும் உணராத நேரத்தில். அதனால் காலை அளவைத் தவறவிட வேண்டாம்.

அவசரத்தில்

சல்பூட்டமோல் பம்பை ஸ்பேசரோடு (பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் வெற்றுக் குடுவை) எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே பஃப் அடித்து, ஸ்பேசரிலிருந்து நாலு முறை மூச்செடுத்து, பிறகு அடுத்த பஃப். நாலிலிருந்து பத்து பஃப் வரை எடுக்கலாம். அம்புலன்ஸ் வரப் பிந்தினால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்கலாம். ஸ்பேசர் இல்லையென்றால் 500 மில்லிலீட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்துமளவு துளையிட்டு, போத்தல் வாயால் மூச்செடுக்கலாம். தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளிடம் சோதித்தபோது, இப்படிச் செய்த போத்தலும் கடையில் வாங்கும் ஸ்பேசர் அளவுக்கு வேலை செய்தது. புதுப் போத்தலின் உட்சுவரில் மருந்து ஒட்டிக்கொள்ளும். முன்கூட்டியே சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காயவிட்டு, தயாராக வைத்திருங்கள். கப்சியூலை வைத்து உறிஞ்சும் தூள் மருந்தை இந்த நேரத்தில் நம்ப வேண்டாம். அதை இழுக்கத் தேவையான வேகம் மூச்சில் இருக்காது.

பொய்யாக ஆறுதல் தருபவை

கொவிட் காலத்தில் பல வீடுகள், இரத்தத்தின் ஒட்சிசன் அளவை வீதத்தில் காட்டும், விரலில் மாட்டும் ஒட்சிமீற்றர் வாங்கின. அது 97 காட்டினால் பயமில்லை என்று நினைப்பது தொய்வில் ஆபத்து. தாக்குதலின் தொடக்கத்தில் உடம்பு வேகமாக மூச்சு வாங்கி ஒட்சிசனைத் தக்கவைத்துக்கொள்ளும். தசைகள் களைத்த பிறகுதான் எண் விழும், அதுவும் மளமளவென்று. 92க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி. ஆனால் 97 இருப்பதால் வீட்டில் இருக்கலாம் என்று பொருளில்லை.

இழுப்புச் சத்தமும் அப்படித்தான். சத்தம் குறைந்துவிட்டது, சுகம் என்று வீட்டார் மூச்சு விடுவார்கள். காற்றே ஓடாத குழாயில் சத்தமும் வராது. சத்தம் நின்று அளவும் ஏறியிருந்தால் சுகம். சத்தம் நின்று அளவு விழுந்திருந்தால், அல்லது ஊதவே முடியாவிட்டால், அதைவிட மோசமான அறிகுறி வேறில்லை.

பம்ப் எவ்வளவு செலவாகிறது என்பதை வைத்து நோயை மதிப்பிடுவது நல்ல வழக்கம். 200 பஃப் உள்ள சல்பூட்டமோல் பம்ப் வருடத்தில் மூன்று முடிந்தாலே தாக்குதலுக்கான ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று என்றால் மரண ஆபத்தும் கூடுகிறது. ஆனால் உணர்வு மங்கியவருக்கு இந்தக் கணக்கின் மறுபக்கம் செல்லாது. அவர் பம்பைத் தொடாதது நோய் அடங்கியதால் அல்ல, தேவை தெரியாததால் இருக்கலாம். "இரவில் எத்தனை தரம் எழும்பினீர்கள், படி ஏற முடிகிறதா" என்ற கேள்விகளும் உணர்வையே நம்பியிருப்பதால், இவர்களின் நோய் கிளினிக் கார்டில் "லேசானது" என்று பதிவாகி, தடுப்பு மருந்தும் குறைந்துபோக இடமுண்டு. பிரித்தானியாவில் 2014இல் வெளியான ஆய்வு 195 தொய்வு மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் லேசான அல்லது நடுத்தர நோயுள்ளவர்களாகவே சிகிச்சை பெற்றிருந்தார்கள். 45 வீதமானோர் மருத்துவ உதவியைத் தேடாமலே, அல்லது அது கிடைக்கும் முன்பே இறந்தார்கள்.

பக்கத்து டிஸ்பென்சரியில் நெபுலைஸ் பண்ணிக்கொண்டு (மருந்தைப் புகைபோலாக்கி முகமூடி வழியே இழுத்து) அப்படியே வீட்டுக்கு வரும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். நெபுலைஸ் செய்தபின் கிடைக்கும் சுகம் சில மணித்தியாலத்துக்குத்தான், உள்ளே அழற்சி அப்படியே இருக்கும். நெபுலைஸ் செய்யுமுன்னும் பின்னும் ஊதிப் பாருங்கள். பின்னும் 60 வீதத்தைத் தாண்டாவிட்டால் வீட்டுக்கு வரக்கூடாது.

படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் புரொப்பிரனலோல், கண் அழுத்தத்துக்கான டிமலோல் சொட்டு, சிலருக்கு அஸ்பிரின், டைக்ளோபெனக் போன்ற நோவு மாத்திரைகள் மூச்சுக்குழாயைச் சுருக்கும். மற்றவர்கள் முட்டு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு அந்த எச்சரிக்கை வராது. பார்மசியில் எதை வாங்கினாலும் முதலில் தொய்வு என்று சொல்லுங்கள்.

வீட்டார் பார்க்க வேண்டியவை

"முட்டுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டுப் பாருங்கள். ஒரு வசனத்தை ஒரே மூச்சில் கதைக்க முடிகிறதா? சட்டையைக் கழற்றினால் விலா இடுக்கிலும் கழுத்தடிக் குழியிலும் தோல் உள்ளே இழுபடுகிறதா? நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவதாகச் சொன்னால் மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள். பெரியவருக்கு 25ஐத் தாண்டினால் தாக்குதல் கடுமை. நாடி 110ஐத் தாண்டினாலும் அப்படியே. பம்ப் எடுத்த பிறகு நாடி எப்படியும் கொஞ்சம் கூடும், ஆகவே நாடியை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். படுக்க முடியாமல் மேசையில் கையூன்றிச் சாய்ந்திருத்தல், காரணமில்லாத எரிச்சல், குழப்பம், தூக்கம் வழிதல் தெரிந்தால் மீற்றரைத் தேடாமல் 1990க்கு அழையுங்கள். அமைதியாகித் தூங்கிவிட்டார் என்று விளக்கை அணைத்துவிட்டு வர வேண்டாம்.

ஐந்தாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளால் மீற்றரை ஊத முடியும். சிறு பிள்ளைகளிடம் விளையாட்டைக் கவனியுங்கள். ஓடிப்பிடித்து விளையாடியவன் கரம் போர்டுக்கு மாறினால், அல்லது சாப்பிடும்போது இடையிடையே மூச்சு வாங்கினால், அதுதான் அவனுடைய முறைப்பாடு.

டொக்டரிடமும் அவசர சிகிச்சையிலும்

கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். "எனக்கு மூச்சுக்குழாய் சுருங்கினாலும் முட்டு தெரிவதில்லை, ஊகித்ததும் ஊதியதும் இவ்வளவு வித்தியாசம்" என்று விழுந்த நாட்களின் வரிகளைக் காட்டுங்கள். அந்தக் குறிப்பைக் கிளினிக் கார்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தொய்வு சிகிச்சைக்கான உலக வழிகாட்டுதல்களும் இப்படிப்பட்டவர்களுக்கு நீண்டகால பீக் ஃப்ளோ கண்காணிப்பைப் பரிந்துரைக்கின்றன. கொழும்பு மத்திய நெஞ்சு நோய் சிகிச்சை நிலையத்திலோ வெலிசறை சுவாச நோய் வைத்தியசாலையிலோ சிகிச்சை பெறுபவர்கள், ஸ்பைரோமெற்றி (ஊதும் திறனைக் கருவியால் விரிவாக அளக்கும் சோதனை) எப்போது செய்யலாம் என்றும் கேளுங்கள்.

சிறந்த அளவு 400 ஆக இருந்து, மீற்றர் 360 காட்டும்போதும் முட்டு எண் 6 என்று எழுதுபவர்களும் உண்டு. அவர்களுக்குப் பம்பைக் கூட்டுவது தீர்வல்ல. இரத்தச்சோகை, குரல்நாண் சுருக்கம், பதற்றம், வயதானவருக்கு இதயம் என்று வேறு காரணம் தேட வேண்டும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் உங்கள் அமைதியே உங்களுக்கு எதிராகப் போகலாம். நடந்து வந்து, சிரித்துப் பேசுபவரை வரிசையில் உட்கார வைப்பது இயல்பு. ஆகவே முறையிடுவதை விட்டு எண்ணைச் சொல்லுங்கள்: "என்ட சிறந்த அளவு 400, இப்ப 190, எனக்கு முட்டு தெரியாது, முந்தி ஒருக்கா ஐசியூவில இருந்தனான்." இதை ஒரு சிறு அட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, எடுக்கும் மருந்துகளின் பெயரோடு, அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருங்கள். கதைக்க முடியாத நிலை வந்தால், கூட வந்தவர் அதை நீட்டினால் போதும்.